சட்டைக் கையைப் பார்த்தால் போதும்

"நிறுத்து, நிறுத்து. பின்னால போ. அந்தக் கைய காட்டு."

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு முர்தினி அக்கா இதைச் சொல்லும்போது பாதிதான் வெளியே வரும். மீதியை நாங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும். தையல் மெஷினில் சாய்த்துவைத்த போனில் கொரியத் தொடர் உறைந்து நிற்கிறது. கண்ணாடி போட்ட இளைய முதலாளி, எரிந்துபோன சாஸ் கிடங்கின் வாசலில் கண்ணீரோடு நிற்கிறான். அக்காவுக்கு அவன் கண்ணீர் வேண்டாம். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி அவன் மணிக்கட்டுக்குப் போகிறாள்.

"பித்தான் தச்ச நூலு பழுப்பு. போன வாரம் இதே சட்டையில வெள்ளை நூலு. எங்கயோ அறுந்து விழுந்து, இவனே அவசரமா தச்சிருக்கான். தீ வெச்சது இவன்தான்."

"படம் எடுக்கிறப்ப அறுந்திருக்கும்டி," என்கிறாள் காய்கறி வண்டி பூர்வாந்தி. "அவன் மூஞ்சியப் பாரு, பால் வடியுது."

"பால் வடியிற மூஞ்சிதான் கடைசியில மாட்டும்."

ஜாவாவில், பொனோரோகோ சந்தைக்குப் பின்னால் உள்ள எங்கள் சந்தில் திங்கட்கிழமை காலை இப்படித்தான் விடியும். சனி, ஞாயிறு இரவுகளில் கொரியாவில் ஓடிய பகுதிகளுக்கு அதற்குள் எங்கள் மொழியில் எழுத்து போட்டுவிடுவார்கள். அக்காவின் தையல் கடையில் கூட்டம் கூடும். சோயா தெம்பே வறுவலும் இனிப்புத் தேநீரும் வரும். நான் பக்கத்துக் கடையில் போன் பழுது பார்ப்பவன். ஆண்பிள்ளைக்கு இந்த அழுமூஞ்சித் தொடர் எதற்கு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்போது திங்கட்கிழமைகளில் என் கடை தாமதமாகத்தான் திறக்கிறது.

தொடரில் வருகிறவர்களின் பெயர்கள் எங்கள் வாயில் நுழைவதில்லை. அதனால் ஆளுக்கு ஒரு பட்டப்பெயர். கண்ணாடிக்காரன், சாஸ் கம்பெனி மாமியார், குடைப்பெண். இவர்களில் யார் யாருடைய மகன், யார் எதற்காகச் சிரிக்கிறார், அடுத்த வாரம் எந்த லாரி யாரை மோதும் என்று பேசித் தீர்ப்பதுதான் கூட்டத்தின் வேலை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்து ஊகம் சொல்வார்கள். அக்கா துணியைப் பார்த்துச் சொல்வாள். ஐம்பதைத் தாண்டியவள், கழுத்தில் இஞ்சு நாடா, மூக்கு நுனியில் கண்ணாடி. ஊகம் லேசானது என்றால் குண்டூசிகள் வாயிலேயே இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்த ஆரம்பித்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அப்போது பூர்வாந்திகூட வறுவலை மெல்லுவதை நிறுத்திவிடுவாள்.

அவள் சொல்வதெல்லாம் பலிக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மருத்துவமனைத் தொடரில் வரும் டாக்டர் ஒருவரல்ல, இரட்டையர் என்று அவள் சட்டையின் தோள்பட்டை அளவை வைத்தே சொன்னாள், பலித்தது. அதன்பிறகு சந்தில் நடக்க முடியவில்லை, அவ்வளவு பெருமை. ஆனால் வேறொரு தொடரில், குருட்டு மாமியாருக்குக் கண் தெரியும், நடிக்கிறாள் என்று அடித்துப் பேசினாள். கண் தெரியாதவள் பாவாடைக்கும் சட்டைக்கும் இப்படிப் பொருத்தம் பார்க்க மாட்டாள் என்பது அவளுடைய வாதம். கடைசிப் பகுதி வரை அந்த அம்மாள் குருடியாகவே இருந்து செத்துப்போனாள். "எழுதினவனுக்குத் துணியப் பத்தி என்ன தெரியும்?" என்று அக்கா ஒரு மாதம் முனகினாள்.

காரணங்களைப் பற்றி அவளுக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. "ஒருத்தன் பொய் சொல்றதுக்கு ரெண்டே காரணந்தான் தம்பி. பயம், இல்லன்னா பாசம். பயத்துல சொல்றவன் நெறைய பேசுவான். பாசத்துல சொல்றவன் சாப்பிட்டாச்சுன்னு மட்டும் சொல்லுவான்."

கூட்டத்துக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. முன்கூட்டியே கதையை எங்காவது படித்துவிட்டு வந்து கசியவிடக் கூடாது. கசியவிட்டால் எல்லோருக்கும் தெம்பே வறுவல் வாங்கித் தர வேண்டும். பூர்வாந்திக்கு அடுத்தவர் கதை என்றால் மூக்கு வியர்த்துவிடும், அதனால் பெரும்பாலும் வறுவல் அவள் செலவு. ஊகிப்பது வேறு, ஒளிந்துபோய்ப் பார்ப்பது வேறு என்பாள் அக்கா. "அவங்க சொல்ல வர்ற நேரத்துல சொல்லட்டும். அதுக்கு முன்னால போய்த் தெரிஞ்சுக்கிறது திருட்டு."

இவ்வளவு ஆர்வம் எங்கிருந்து வந்தது என்றால், தனாங்கிடமிருந்து. அக்காவின் ஒரே மகன். எங்கள் பக்கத்துப் பையன்கள் பலரையும் போல மொழித் தேர்வு எழுதிக் கொரியாவுக்குப் போனவன். கார் பாகங்களுக்குத் தகடு அழுத்துகிற தொழிற்சாலையில் வேலை. மகன் இருக்கிற ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் அக்கா முதல் தொடரைப் பார்க்க ஆரம்பித்தாள். தொடரில் பனி பெய்தால் உடனே அவனுக்குச் செய்தி போகும், தடித்த கோட்டைப் போடு என்று. "அம்மா, அது போன வருசம் எடுத்தது, இங்க இப்ப வேர்க்குது," என்று அவன் பதில் போடுவான். அவள் கேட்கமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவன் வீடியோவில் வருவான். பேசி முடிக்கும்போது தாய்க்கும் மகனுக்கும் ஒரு வழக்கம் உண்டு. இருவருக்கும் வலது கையில் போன் இருக்கும். அவன் சும்மா இருக்கிற இடது கையை வளைத்துப் பாதி இதயம் காட்டுவான். இவள் தன் இடது கையை வளைத்துத் திரையின் ஓரத்தில் ஒட்டுவாள். தொடர்களில் காதலர்கள் செய்கிற அந்த இதயம் முழுதாகிவிடும். அதன்பிறகுதான் போனை வைப்பார்கள். "கட்டிக்கப்போறவளுக்கு மிச்சம் வையிடா," என்று பூர்வாந்தி கத்துவாள்.

நோன்புப் பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் அந்த வழக்கம் நின்றது. இதயம் காட்டும் நேரத்துக்கு முன்னாலேயே அவன், "நெட்டு சரியில்லம்மா, வெச்சிடறேன்," என்று போய்விடுகிறான். முதல் வாரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவும் நெட்டைத்தான் திட்டினாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் மகனையும் நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தாள். பேசிக்கொண்டே திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்வாள். மறுநாள் கண்ணாடிக்காரனைப் பெரிதாக்கிப் பார்த்த அதே விரல்கள் தனாங்கின் தோளைப் பெரிதாக்கின. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஒரு திங்கட்கிழமை அவள் வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்தாள். எல்லாவற்றையும் குத்தி முடிக்கும் வரை பேசவில்லை.

"படம் ஆடல," என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை.

"முன்னல்லாம் அவன் பேசறப்ப படம் ஆடும். கையில பிடிச்சிருப்பான். இப்ப ஆடறதே இல்ல. எங்கயோ சாச்சு வெச்சிட்டுப் பேசறான்."

"ஸ்டாண்டு வாங்கியிருப்பான்க்கா," என்றேன். "நானே வாரத்துக்கு எத்தனை விக்கறேன்."

"சரி. பித்தான் வெச்ச சட்டை எங்க? நான் தச்சு அனுப்பினது எல்லாமே பித்தான் வெச்சது. இப்ப தலைவழியா மாட்டற பனியன்தான் போடறான். பெருநாள் சட்டையப் போட்டுக் காட்டுடான்னு கேட்டேன். போட்டான். ஒரு பித்தான்கூடப் போடல, பனியன் மேல தொறந்து விட்டிருந்தான். இங்க இதான்மா ஸ்டைலுன்னான்."

"ஸ்டைலுதான்," என்றாள் பூர்வாந்தி. "அடி பைத்தியக்காரி, பக்கத்துல ஒருத்தி உக்காந்திருக்கா. அதான் இடதுபக்கமே காட்டமாட்டேங்கிறான். அவ முன்னாடி அம்மாவுக்கு இதயம் காட்ட வெக்கம். உனக்குக் கொரியா மருமக வரப்போறா. பெசெல் கடலைச் சட்னி அரைக்கக் கத்துக்குடு."

எல்லோரும் சிரித்தோம். அந்த ஊகம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. குடைப்பெண் மாதிரி இருப்பாளா, தொழுகை கற்றுக்கொள்வாளா, கல்யாணத்துக்கு யார் கேபாயா சட்டை தைப்பது என்று பேச்சு எங்கெங்கோ ஓடியது. அக்காவும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"வலது கை மட்டும் போதும்னு ஒருத்தன் எல்லாத்தையும் மாத்தியிருக்கான்," என்றாள். "இடது கைக்கு என்னமோ ஆயிருக்கு. தகடு அழுத்தற மெஷினு."

அந்த வார்த்தைக்குப் பிறகு வறுவலை யாரும் தொடவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த மெஷினைத் தெரியாத வீடு இல்லை. போன பையன்களில் ஓரிருவர் கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் ஊருக்குத் திரும்பினார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் சொன்னேன். குருட்டு மாமியாரை நினைவுபடுத்தினேன். "அதத்தான் தம்பி நானும் நெனச்சுக்கறேன். அவளுக்குக் கண்ணு தெரியும்னு எவ்வளவு நிச்சயமா சொன்னேன். இதுவும் அப்படி இருக்கட்டும். இந்த ஒரு தடவ நான் முட்டாளா இருந்துட்டுப் போறேன்." சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள். அன்று யாருடைய சட்டைக்கோ இரண்டு கைகளையும் இடம் மாற்றித் தைத்துப் பிரித்தாள். அதற்கு முன் அவள் கை தவறி நான் பார்த்ததே இல்லை.

பூர்வாந்தியின் அண்ணன் மகன் அதே ஊரில்தான் இருக்கிறான். ஒரு பேருந்து ஏறினால் தனாங்கின் அறைக்குப் போய்விடலாம். "ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கே போய்ப் பாத்துட்டுச் சொல்லுவான்," என்று அவள் போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

"வேணாம்."

"பெத்தவளாடி நீ?"

"பெத்தவதான். அதான் வேணாங்கிறேன். அவன் மறைக்கிறது என்கிட்ட இருந்து. பயந்து மறைச்சா வாய் ஓயாம பேசுவான். இவன் சாப்பிட்டாச்சும்மாங்கிறான், அவ்வளவுதான். வேற ஆள அனுப்பிப் பாத்தா, அவன் இத்தனை நாளா எனக்காகக் கஷ்டப்பட்டு மறைச்சதுக்கு என்ன மரியாதை?"

"அப்ப நீயே கேளு."

"கேட்டா இன்னொரு பொய் சொல்லணும் அவன். பாவம், ஒரு பொய்யே பெரிய சுமை."

எனக்குக் கோபம் வந்தது. தொடருக்குப் போட்ட சட்டத்தை யாராவது சொந்த மகனுக்குப் போடுவார்களா? பெற்ற மனம் பித்து என்பார்கள், இது அந்தப் பித்திலும் புதுமாதிரி. அக்காவின் வீட்டுக்காரர் மணல் லாரியோடு வாரக்கணக்கில் வெளியூர் போகிறவர். அவரிடம் சொல்லியிருக்கிறாளா என்று கேட்டேன். சொல்லவில்லை. ரத்தக் கொதிப்புக்காரர், வண்டி ஓட்டுகிறவர், உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்றாள். அவளும் சாப்பிட்டாச்சு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்தில் கழுத்து எலும்பு தெரிந்தது.

பிறகு வந்த திங்கட்கிழமையில் கண்ணாடிக்காரன் மாட்டினான். கிடங்கின் சாம்பலில் பித்தான் கிடைத்தது. தீ வைத்தது அவன்தான். அண்ணன் செய்த கலப்படத்தை அம்மாவுக்குத் தெரியாமல் மறைப்பதற்காக வைத்திருக்கிறான். பூர்வாந்தி எழுந்து நின்று கைதட்டினாள். "நூல் நிறத்துலயே புடிச்சியேடி, பாவி." எல்லோரும் தட்டினோம். இரட்டையரைக் கண்டுபிடித்தபோது சந்து கொள்ளாமல் நடந்தவள், இப்போது முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இதுலயும் சரியாப் போச்சா," என்று மெல்லக் கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. கைதட்டல் தானாக நின்றது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை போனில் சத்தம் சரியாக வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டாள். சரி செய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். "இருந்துட்டுப் போ தம்பி," என்றாள். நின்றேன். குண்டூசிகள் எல்லாம் மெத்தையில் இருந்தன. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

தனாங் திரையில் வந்தான். பனியன். கழுத்துக்குக் கீழே கொஞ்சம்தான் தெரிந்தது. படம் ஆடவில்லை.

"சாப்பிட்டியாய்யா?"

"சாப்பிட்டாச்சும்மா."

"என்ன சாப்பிட்ட?"

"சோறுதான்."

"வேலை?"

"போவுதும்மா. நீ எளைச்சிட்டியே."

"தையல் ஜாஸ்தி. கண்ணாடிக்காரன் மாட்டிக்கிட்டான், பாத்தியா?"

"பாக்கலம்மா. ஏன் செஞ்சானாம்?"

"அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு."

அவன் அறையில் விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. இப்போதே சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த அம்மா திட்டினாங்களா?" என்று கேட்டான்.

"இன்னும் அந்தப் பகுதி வரல. திட்டமாட்டாங்கன்னு தோணுது."

"சரிம்மா. நெட்டு..."

"வெச்சிடாத. இதயம் பாத்து ரொம்ப நாளாச்சு."

அவள் குரலில் அதட்டல் இல்லை. வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல இடது கையை வளைத்துத் திரையின் ஓரத்தில் வைத்துக் காத்திருந்தாள். அவன் குனிந்தான். நெடுநேரம் தலைமுடிதான் தெரிந்தது. பிறகு நிமிர்ந்து சிரித்தான், கண் சிவந்திருந்தது. மெல்ல ஒரு கை மேலே வந்து பாதி இதயமாக வளைந்தது. அது வலது கை. அக்காவின் கையும் அவன் கையும் திரையில் ஒரே பக்கம் நின்றன. இதயம் சேரவில்லை.

அக்கா ஒரு நொடி அதைப் பார்த்தாள். பிறகு போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை வளைத்து அவன் கையோடு சேர்த்து வைத்தாள்.