வேர்ஜீனியாத் துரையின் காணி உறுதிகள்

செத்தவையைத் தேடிப் பிடிக்கிறதுதான் என்ர வேலை, ஆனா கரைச்சல் தாறது முழுக்க உயிரோட இருக்கிறவைதான். மொன்றியலில ஒரு சின்னக் கந்தோர். கேட்டு வாற ஆக்களுக்கு அவையின்ர பரம்பரையைத் தேடிக் குடுக்கிறம். அமெரிக்காவிலயிருந்து பழைய கோட்டுப் பதிவு, காணிப் பதிவெல்லாம் பிலிம் சுருளில வரும். மெசினில போட்டு உருட்டி உருட்டி வாசிக்கோணும். யாழ்ப்பாணத்தில ஒரு நொத்தாரிசிட்டை காணி உறுதிப் பத்திரம் எழுதினனான் எண்டு சொல்லித்தான் இரண்டாயிரமாம் ஆண்டளவில இந்த வேலையைப் பிடிச்சன். காணிக் கந்தோரில நிண்டு கால் கடுத்த ஆக்கள் நீங்கள், என்ர பாடு உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

பேர் இல்லாத ஆள்

மிஸிஸ் எட்னா இளைப்பாறின நேர்ஸ். கறுப்பின மனிசி, பரம்பரை பரம்பரையா இஞ்சதான். ஒரு பழைய ஞானஸ்நானப் பதிவின்ர பிரதியைக் கொண்டுவந்தா. அவவின்ர முன்னோர் ஒருத்தர் குழந்தையா இருக்கேக்க மொன்றியல் கோயிலில எழுதினது. குழந்தைக்குப் பேர் இருக்கு. தாய்க்கு இல்லை, 'ஒரு அடிமைப் பெண்' எண்டு மட்டும் கிடக்கு. அந்தத் தாய் வேர்ஜீனியாவில ஒரு புகையிலைத் தோட்டத்துரைக்கு அடிமைப் பொம்பிளையில பிறந்த மகளாம். அமெரிக்கச் சுதந்திரச் சண்டைக்குள்ள வெள்ளைக்காரர் ஆரோ இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தவையாம். குடும்பத்தில வாய்வழியா வந்த கதை. பதிவிலயும் குழந்தைக்குத் துரையின்ர குடும்பப்பேர்தான் இருந்தது; எசமான் எண்டு கையெழுத்து வைச்சவன்ர பேர் வேற, அவன் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

எட்னாவின்ர தமக்கை றோஸ் ஆசுப்பத்திரியில, கடைசிக் கட்டம். ஒவ்வொரு நாளும் குடும்பத்தில செத்த எல்லாரையும் பேர் சொல்லிக் கடவுளிட்டை மண்டாடுவாவாம். இந்தத் தாயிட்டை வந்த உடன பேரில்லாமல் நிண்டுபோவாவாம். "துரையைக் கண்டுபிடிச்சுத் தாறன்" எண்டன் நான், பெரிய ஆள் மாதிரி. எட்னா இங்கிலீசில சொன்னது தமிழில இதுதான்:

"துரையை வைச்சு நான் என்ன செய்யிறது? எனக்கு அவள் வேணும். அவனைப் பிடிச்சாத்தானே அவள் வருவாள்."

வேலி வழக்கு

துரையைப் பிடிக்கிறது பெரிய வேலையா இருக்கேல்லை. ஆள் கோட்டே கதியெண்டு கிடந்திருக்கிறான்! பக்கத்துக் காணிக்காரன் வேலியைத் துரையின்ர பக்கம் அரக்கிப் போட்டானாம், வழக்கு. எல்லை மரத்தைத் தறிச்சுப் போட்டானாம், வழக்கு. பண்டி வந்து சோளத்தைத் திண்டிட்டுதாம், அதுக்கும் வழக்கு. வேலியில நட்ட ஒரு பூவரசங் கதியாலுக்குக் கோடேறின சனமெல்லோ நாங்கள்? எனக்குச் சிரிப்பை அடக்க ஏலேல்லை. எங்கட முதலாளி மதாம் ஜினெட் என்னெண்டு எட்டிப் பாத்தா. "இவன் எங்கட ஊரான், மதாம்" எண்டன்.

அவவும் சிரிச்சுக்கொண்டு திரையைப் பாத்தா. பண்டி வழக்குக்குக் கீழ அடுத்த வரி: துரை ஒரு கறுப்புப் பிள்ளையைக் கோட்டுக்குக் கொண்டுவந்து நிப்பாட்ட, நீதவான்மார் பாத்து வரிக்காக வயசு மதிச்சு எழுதியிருக்கினம். நான் உருட்டுறதை நிப்பாட்டினன். மதாம் என்ர கதிரையில கை வைச்சுச் சொன்னா:

"சிரிச்சது காணும், மிஸ்யூ சிவா. உருட்டும்."

மரணசாதனம்

துரையின்ர மரணசாதனம், அவன் சாக முதல் எழுதின உயில், ஆம்பிடேக்க, முடிஞ்சுது வேலை எண்டு நினைச்சன். காணியெல்லாம் ஆம்பிளைப் பிள்ளையளுக்கு. அடிமையளையும் பேர் சொல்லிப் பிரிச்சு அவங்களுக்குத்தான் எழுதியிருக்கிறான். ஒரேயொரு மகள்; அவளுக்கு ஒரு மோதிரம் மட்டும். பாவம், தேப்பன் வஞ்சகம் பண்ணிப்போட்டான் எண்டு மனதுக்குள்ள திட்டிப்போட்டு மகன்மாரின்ர பக்கம் போனன். மகன், பேரன் எண்டு எல்லாற்றை உறுதியையும் கிண்டினன். அவங்களிட்டையிருந்து ஒருத்தியும் கனடாவுக்கு வரேல்லை.

எட்னா போன் எடுக்கிற நேரமெல்லாம் இன்னும் தேடுறன் எண்டு சொல்லுவன். றோஸ் சாப்பாட்டை விட்டிட்டாவாம். கடைசியில மதாம் பைலை மூடினா.

"துரையின்ர சொத்து முழுக்கப் பாத்தாச்சு. இல்லையெண்டு அந்த மனிசிக்குச் சொல்லிப்போடும். இழுத்தடிக்கிறது பாவம்."

கோயிலில ரத்தினம் அண்ணை

அந்த ஞாயிற்றுக்கிழமை டொலார்ட் முருகன் கோயில். அன்னதானத்துக்கு நிக்கேக்க முன்னுக்கு ரத்தினம் அண்ணை. சென்ட் லோரன்ட் பக்டரியில இரவு பகலா நிண்டு ஒரு வீடு வாங்கினவர். மகளுக்குக் கலியாணம் பொருந்தீட்டுதாம், வீட்டை அவளின்ர பேருக்கு மாத்தப் போறாராம். "அப்ப, நீங்கள் கண்ணை மூடினாப் பிறகெண்டு மகளுக்கு ஒண்டும் எழுதி வைக்க மாட்டியளோ?" எண்டு பகிடிக்குக் கேட்டன். மனிசன் என்னை ஏற இறங்கப் பாத்தார்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய் தம்பி? பெட்டைக்குக் குடுக்கிறதைக் கலியாணத்தோட குடுத்தாச்செல்லோ. சாகேக்க என்னத்துக்கு எழுதுறது?"

அன்பினாலும் பட்சத்தினாலும்

திங்கக்கிழமை விடிய செயின்ட்-மிஷேலில பஸ் ஏறி முதல் ஆளாக் கந்தோருக்குப் போனன். துரை உயிரோட இருந்த காலத்து நன்கொடை உறுதியளைத் தேடினன். கிடந்தது! மகளில வைச்ச அன்பினாலும் பட்சத்தினாலும், அவளின்ர கலியாணத்துக்கெண்டு துரை எழுதின உறுதி. எங்கட உறுதியளில நான் என்ர கையால எழுதின அதே வசனம். ஆத்தங்கரைக் காணி, ஒரு குதிரை, ஒரு கட்டில், மெத்தை. அதுக்குப் பிறகு, 'ஹன்னா என்ற கறுப்புச் சிறுமியும், அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளும்.' மாப்பிள்ளையின்ர பேரைப் பாத்தன். எட்னா கொண்டுவந்த ஞானஸ்நானப் பதிவில குழந்தையின்ர எசமான் எண்டு கையெழுத்து வைச்சவன் அவன்தான்.

எட்னா வந்து, மெசினுக்கு முன்னால குனிஞ்சு கனநேரம் வாசிச்சா. "ஒரு மகளில அன்பு வைச்சு மற்ற மகளைக் குடுத்திருக்கிறான்" எண்டு மட்டும் சொன்னா. அதுக்குப் பிறகு எங்கட போனிலயே ஆசுப்பத்திரிக்கு எடுத்தா. றோஸின்ர குரல் எனக்கும் கேட்டது:

"ஹன்னா. ஹன்னா. இனி நான் மண்டாடி முடிக்கலாம்."

எட்னாவின்ர கேள்வி

போகேக்க குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு கேட்டா, மகளின்ர கலியாண உறுதியில தேடோணுமெண்டு எனக்கு எப்பிடி விளங்கினது எண்டு. எனக்குக் கொஞ்சம் பெருமையும் வந்திட்டுது. எங்கட ஊர் வழக்கத்தைச் சொன்னன். சீதனம், காணி, வீடு, நகை. அவ கேட்டுக்கொண்டிருந்திட்டு, "ஆக்களையும் குடுத்தவையோ?" எண்டா.

ஒல்லாந்தர் காலத்தில எங்கட ஆக்களும் சீதனத்தில ஆக்களை எழுதிக் குடுத்தவை எண்டு நொத்தாரிசு ஐயா ஒருக்காச் சொன்னவர். காதில விழுந்தது, அவ்வளவுதான். ஊரில எங்கட வீட்டுக் காணி பெரிய வளவு. அது சும்மா பெருத்ததில்லை எண்டு எனக்குத் தெரியாதே? "ஓம், குடுத்தவை" எண்டன். வெக்கத்தில முகம் சுட்டது. எட்னா கோவிக்கேல்லை. என்ர கையைப் பிடிச்சா:

"அப்ப அவைக்கும் பேர் இருக்கும். நீர் தேடத் தெரிஞ்ச ஆள்தானே. தேடும்."

அண்டு துவக்கம் தேடுறன். ஊரான்ர பரம்பரையைக் கிண்டினாச் சம்பளம் தருவினம், சொந்தப் பரம்பரையைக் கிண்டினாச் சொந்தக்காரர் கலியாணவீட்டுக்கும் சொல்ல மாட்டினம் எண்டு இப்ப விளங்குது.