வாசலில் இரண்டு இடி

சலூன்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். அதைக் கோபம் என்று சொன்னால் அதற்கும் கோபம் வரும். கண்டிப்பு என்று சொல்ல வேண்டுமாம். அந்தக் கண்டிப்பில் வீட்டில் எத்தனை தட்டு பறந்தது, யார் முதுகு வீங்கியது என்பதெல்லாம் அவருக்கு ஞாபகமே இல்லை. வாங்கினவர்களுக்குத்தானே ஞாபகம் இருக்கும்! ஒரே மகள் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. அவர் போன் செய்தால் எடுப்பதில்லை.

இப்போது அவள் எழுதிப் பாடிய பாட்டு தெருவெல்லாம் அலறுகிறது. நடுநடுவே மேளம் 'தொம், தொம்' என்று இரண்டே அடி அடித்து நின்றுவிடும்.

*வாசலில் இரண்டு இடி*
*வயிற்றுக்குள் ஒரு நடுக்கம்*
*சாவி திரும்பும் முன்னே*
*சிரிப்பைச் சுருட்டி ஒளித்து வை*

அவர் கடையில் இதே பேச்சு.

"அந்த ரெண்டு அடி இதயத்துடிப்புண்ணே. லவ்வுல அடிபட்ட பொண்ணு பாடுது" என்றார் முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர்.

"லவ்வும் இல்ல, ஒண்ணும் இல்ல. எவனோ என் பொண்ணைப் படாத பாடு படுத்தியிருக்கான். அவன் மட்டும் கையில கிடைக்கட்டும், தோலை உரிச்சிடறேன்!" என்றார் சலூன்காரர். சவரக்கத்தி டிரைவரின் தொண்டையில் இருந்தது. அந்த மனுஷர் எப்படி மறுத்துப் பேசுவார்?

அந்தப் பாவியைக் கண்டுபிடித்து நாலு சாத்து சாத்திவிட்டால் மகள் மறுபடி 'அப்பா' என்று கூப்பிடுவாள். இதுதான் அவர் போட்ட கணக்கு. அதற்காகவே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, வரிவரியாகக் குடைந்தார்.

"சாவி திரும்பும் முன்னேங்கிறா. யார்கிட்டப்பா சாவி இருக்கும்?"

"வீட்டு ஆளுகிட்டத்தானேண்ணே இருக்கும்?" என்ற டிரைவர், கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

வீட்டு ஆள் என்றால்? அவள் வாடகைக்கு இருந்த இடத்தில் எவனாவதா? பெற்றவளுக்குத் தெரியாமலா இருக்கும், இன்றைக்கு அவளிடமே கேட்டுவிடுவோம் என்று சாயங்காலமே கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினார்.

வீட்டு வாசலுக்கு வந்தால் உள்ளே ஒரே சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரியோ என்று நினைத்தார். இல்லை, அவர் மனைவிதான். கூடவே போனில் மகளின் குரல். "அம்மா, அப்புறம் என்னாச்சு கேளேன்..." அட, பேசுகிறாளே!

சலூன் வேலையில் பேண்ட்டிலும் செருப்பிலும் வெட்டின முடி ஒட்டிக்கொள்ளும். அது வீட்டுக்குள் வரக்கூடாது என்பதில் அவர் படு சுத்தம். கல்யாணமான நாளிலிருந்து படியில் காலை ஓங்கித் தட்டி உதறிவிட்டுத்தான் சாவியை எடுப்பார். அன்றும் அவசரத்தில் தட்டினார். வலது கால், இடது கால்.

தொம். தொம்.

சிரிப்பு பட்டென்று அறுந்தது. "வந்துட்டாரு, வச்சிடு" என்று ஒரு கிசுகிசுப்பு. மேஜை டிராயர் மூடும் சத்தம். அப்புறம் அந்த வீட்டில் ஆளே இல்லாத மாதிரி இருந்தது.

சாவி துவாரத்தில் இருந்தது, கை திருப்ப மறுத்தது. பாட்டின் நாலு வரியும் அவருக்குள் தானாக ஓடின. இந்தத் தடவை விளக்கம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

கதவைத் திறந்தபோது மனைவி சுவரோரமாக நின்றிருந்தாள்.

"சீக்கிரம் வந்துட்டீங்களே. தண்ணி கொண்டு வரட்டுமா?"

"அந்தப் பாட்டுல வர்றவன் யாரு?"

"எந்தப் பாட்டு? எனக்கென்னங்க தெரியும்?"

'நீங்கதான்' என்று ஒரு தடவை அவள் வாயால் சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது அவருக்கு. திட்டினால்கூடத் தேவலை.

உட்காரலாம் என்று நாற்காலியை இழுத்தார். அந்தச் சத்தத்துக்கே அவள் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.