வரப்பில் ஓடிய நாள்

எழுபதுகளின் நடுவில், பட்டம் பெற்றும் வேலை கிடைக்காமலிருந்த நான், மரக்காணத்து உப்பளம் ஒன்றில் ஒரு கோடைக்காலம் மேற்பார்வை பார்த்தேன். எங்கள் தெருவைச் சேர்ந்த அக்கா ஒருவர் முதன்முறையாகச் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். விளைச்சல் தேறினால்தான் அடுத்த ஆண்டும் அவை அவரிடம் இருக்கும். நான் சொல்லும் நாளில், உப்பு முற்ற இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டியிருந்தது.

குனிந்தே வேலை செய்பவர்கள் வானத்தை நிமிர்ந்து பார்ப்பது குறைவு. வரப்பில் போகிறவரின் நடையைத்தான் கவனிப்பார்கள். மழை வந்தாலொழிய அங்கே எவரும் ஓடுவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் என்பதால், எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

அன்று முற்பகலில் சாலையில் தபால்காரரின் சைக்கிள் தெரிந்தது. நேர்முகத் தேர்வு ஒன்றின் முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருந்த நான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடினேன். கடிதம் வந்திருந்தது. உறையோடு திரும்பியபோது உப்பளமே கலைந்து கிடந்தது. பாதி விளைந்ததையாவது காப்பாற்ற வேண்டுமென்று, முற்றாத உப்பைப் பலகைகளால் வாரிக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர் பாத்திகளிலும் கூடைகள் ஓடின.

“உப்ப மூடுற கீத்து எங்கடா? சீக்கிரம் எடுத்தாடா!” என்று ஒருவர் கத்தினார்.

விடிந்ததிலிருந்தே கடல்மேல் ஒரு சிறு மேகம் நின்றிருந்தது. இப்போது அது எனக்கும் கறுத்துத் தெரிந்தது. என்னிடமிருந்து புறப்பட்ட பதற்றமே என்னிடம் திரும்பி வந்திருக்கிறது என்பதை உணராமல், உறையைச் சட்டைப் பையில் செருகிவிட்டு நானும் ஒரு பலகையைப் பிடித்து வாரத் தொடங்கினேன்.

சாப்பாடு எடுத்துவரப் போயிருந்த அக்கா அப்போதுதான் வந்தார். வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வரப்பில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து கூழ் குடிக்க ஆரம்பித்தார். அருகிலிருந்தவரின் கை முதலில் நின்றது. பிறகு ஒவ்வொரு பலகையாக நின்றது.

“மழைன்னு யாரு சொன்னது?” என்று அக்கா கேட்டார்.

“சாருதான் ஓடுனாரு! படிச்சவராச்சே, ரேடியோவுல கேட்டிருப்பாருன்னு நெனச்சோம்.”

“ஏன் தம்பி ஓடுன?”

“தபால்காரர் வந்தாருக்கா.”

“சரி, நீ எதுக்கு உப்ப வார்ற?”

“இவங்கல்லாம் வார்றாங்களேன்னு…”

சிரிப்பு ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்குத் தாவியது. நானும் சிரித்தேன், ஆனால் அவசரமாக வாரியதில் சேறு கலந்து வீணான இரண்டு பாத்திகள் கண்ணை விட்டு அகலவில்லை. படிப்பின் பேரில் அவர்கள் என் கால்களுக்குக் கொடுத்திருந்த மதிப்புக்கு நான் தகுதியாக நடந்துகொள்ளவில்லை.

உறையைப் பிரிக்கப் போனேன். அக்கா தடுத்தார்.

“இங்க பிரிக்காத தம்பி. உன் மூஞ்சி கொஞ்சம் சுண்டுனாலும் திரும்பப் பலகைய தூக்கிருவாங்க.”

மாலையில் வீட்டில்தான் பிரித்தேன். வேலை இல்லை என்றிருந்தது. பகலின் சிரிப்பு உள்ளே இன்னும் மிச்சமிருந்ததால், கடைசி வரி வரை படித்து மடித்துவைக்க முடிந்தது.

அடுத்த இரண்டு நாளும் நல்ல வெயில். மீதிப் பாத்திகளில் உப்பு பருமனான மணிகளாக முற்றியது. குத்தகையைக் காப்பாற்ற அது அக்காவுக்குப் போதுமானதாக இருந்தது. வாரும் நாளன்று கீற்று கொண்டுவர என்னை அனுப்பினார். குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து என் நடையைப் பார்ப்பது தெரிந்தது. கீற்றுக்கட்டு தோளை அழுத்தியது. ஆனாலும் நான் மெதுவாகவே நடந்தேன்.