காட்பாடிக்குப் போகாத ஜீப்

அப்பா ஓட்டிய ஜீப் தோல் ஷாப்பு முதலாளியுடையது. தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். அதை மலையடிவார ஊர்களில் வாங்கிக்கொண்டு வந்து ஆம்பூரில் சேர்ப்பது அப்பாவின் வேலை. ஏலத்தில் எடுத்த பழைய டீசல் வண்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால் எந்த மேட்டிலும் ஏறிவிடும். ஆனால் காலையில் அதை எழுப்புவதற்குள் தெருவே எழுந்துவிடும்.

அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் பேட்டரி பேச்சுதான். சார்ஜ் ஏற்றி மாட்டினால் இரண்டொரு நாளில் செத்துவிடும். பேட்டரியில் குற்றமில்லை, டைனமோவில் பிறக்கும் கரண்ட் அதற்குப் போய்ச் சேரவில்லை என்று கடைசியில் அப்பா கண்டுபிடித்தார். நடுவில் கட்-அவுட் என்று ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் இருந்த முனைகள் கருகிப்போயிருந்தன. உப்புத்தாளால் தேய்த்து மூடினார். அன்று சாயங்காலம் ஒரே அழுத்தில் வண்டி உறுமியதை நானே பார்த்தேன்.

வண்டி வைத்தியத்தில் எனக்கும் பங்கு உண்டு. அப்பா சொன்னதும் விளக்கைப் போட்டு, ஸ்டார்ட்டரை அழுத்தும்போது வெளிச்சம் மங்குகிறதா என்று கத்திச் சொல்வேன். அதற்கும் முன்னால் அவர் கை தானாகவே எர்த் வயருக்குப் போகும். பேட்டரியை வண்டியின் உடம்போடு இணைக்கும் வயர் அது. பாதிச் சீக்கு அதில்தான் என்பார்.

அப்போது சித்தி எங்கள் வீட்டில் இருந்தாள். அம்மாவின் தங்கை. கல்யாணமாகிச் சித்தூருக்கு அப்பால் போனவள், ஒருநாள் தனியாக வந்து இறங்கினாள். வலது கையில் மணிக்கட்டுக்கு மேலே தீப்புண். கஞ்சி கொட்டிவிட்டது என்றாள். கஞ்சி கோடு போட்ட மாதிரி எப்படிக் கொட்டும் என்று நான் கேட்டதற்கு, வெளியே போய் விளையாடச் சொன்னாள் அம்மா.

சித்தியைக் கூட்டிப்போகச் சித்தப்பாவின் அண்ணன் வந்தார். குடியாத்தத்திலிருந்து தாத்தாவும் அனுப்பிவிடச் சொல்லி ஆள் விட்டிருந்தார். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

"பொட்டியத் தூக்கிக்கினு பஸ்ஸுல எதுக்கு பேஜாரு? காட்பாடி ஸ்டேஷனுக்கு நானே ஜீப்புல வுட்டுர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை, பெட்டி பின்னால் ஏறியது. சித்தியும் ஏறினாள். ரயில் பார்க்கும் ஆசையில் நான் முன்சீட்டில் முதலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஸ்டார்ட்டரை அழுத்தினார். சத்தமே இல்லை.

இறங்கிப்போய் பானெட்டைத் திறந்தார். பேட்டரி மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே பார்த்தார். முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பூவை வெந்நீர் கேட்டு வாங்கி நிதானமாகக் கழுவினார். டைனமோ பெல்ட்டை அமுக்கிப் பார்த்தார். எர்த் வயர் பக்கம் மட்டும் அவர் கை போகவேயில்லை. எனக்கு உட்கார முடியவில்லை.

"லைட்டப் போட்டுப் பாக்கட்டுமாப்பா?"

"வேணாம்."

சித்தப்பாவின் அண்ணன் வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்தார். சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பஸ் ஊரைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது.

"இன்னாண்ணா, இன்னும் எம்மா நேரம்? அந்த வண்டிய வுட்டா இன்னிக்கு வேற ரயிலு இல்ல."

"இதோ ஆச்சு" என்ற அப்பா, கட்-அவுட் மூடியைக் கழற்ற ஆரம்பித்தார்.

"தள்ளிப் பாக்கலாமே! டீசல் வண்டிதானே, தள்ளினா எடுத்துக்காதா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "தள்ளலாம்" என்று வந்து ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். சித்தப்பாவின் அண்ணனும் தெருக்காரர்கள் சிலரும் தோள் கொடுத்தார்கள். பேட்டரி எவ்வளவு செத்துக்கிடந்தாலும் தள்ளினால் அந்த ஜீப் எடுத்துக்கொள்ளும். அன்று குலுங்கிக் குலுங்கிப் போனதே தவிர இருமக்கூட இல்லை. மறுபடி தள்ளினார்கள். பின்னாலிருந்து மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

அப்போதுதான் பார்த்தேன். டீசல் எஞ்சினைச் சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது. டீசலை அடைக்கும் குமிழ் ஒன்று இருக்கும். அதை வெளியே இழுத்தால்தான் அடங்கும், உள்ளே தள்ளினால்தான் மறுபடி எடுக்கும். அந்தக் குமிழ் அப்பாவின் முழங்காலுக்குப் பின்னால் முழுசாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, அந்த..."

பின்னாலிருந்து ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. மருந்து வாசம் அடித்தது. சித்தி காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் இருந்தவள். இப்போது அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா திரும்பவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது சித்தப்பாவின் அண்ணன் வேட்டியில் படிந்த புழுதியைத் தட்டிக்கொண்டார். லீவு முடிந்துவிட்டது, தான் போயே ஆக வேண்டும் என்றார். அவள் அடுத்த மாதம் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். அப்பா மிகுந்த வருத்தத்தோடு தெருமுனை வரை கூடவே போய் வழியனுப்பினார்.

அடுத்த மாதம் யாரும் வரவில்லை. தாத்தாதான் வந்து கோபமாகப் பேசினார். முதன்முறையாக அப்பா அவருக்கு எதிரே உட்கார்ந்து, சித்தியைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னார். தாத்தா சாப்பிடாமலே போனார். பிறகு சித்தி வேலூரில் நர்ஸ் வேலைக்குப் படித்தாள். கடைசிவரை அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. இதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்று மத்தியானம் பெட்டியைத் தானே இறக்கி உள்ளே கொண்டுபோன சித்தி சிரித்தாள். அம்மா அழுதாள். ரயில் தவறியதற்கு ஒருத்தி சிரிப்பதும் ஒருத்தி அழுவதும் எனக்கு விளங்கவில்லை. அம்மாவின் காதருகே போய்க் குமிழைப் பற்றிச் சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லாத" என்று என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

நானும் சொல்லவில்லை. ஊரிலேயே வண்டி தெரிந்த மனுஷர், குமிழை உள்ளே தள்ள மறந்துபோனார் என்று தெரிந்தால் தெருவே சிரிக்குமே. அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்து, அவர் மானத்தை நான் வெகுநாள் காப்பாற்றினேன்.