ஊதாத சங்கும் ஊட்டி பாசஞ்சரும்

இன்று காலை செங்கல்பட்டிலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்திப் புடவை. மார்போடு அணைத்துப் பிடித்த பிளாஸ்டிக் ஃபைல். எழும்பூர் போக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள், சொன்னேன். தாம்பரம் தாண்டியதும் மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னேன். ஏதோ கம்பெனியில் இன்டர்வியூவாம். மாம்பலத்துக்கு முன்னால் சிக்னல் விழாமல் வண்டி நின்றபோது அவளைவிட நான்தான் அதிகம் பதறினேன். ஜன்னலில் எட்டிப் பார்ப்பதும் உட்காருவதுமாக இருந்தேன். "நீங்க ஏங்க்கா டென்ஷன் ஆவுறீங்க?" என்று அவளே சிரித்துவிட்டாள். எழும்பூரில் நேரத்துக்கு இறங்கிப் போய்விட்டாள், நல்லபடியாக. ஆனால் நான் இறங்க வேண்டிய பார்க் ஸ்டேஷன் போனதே எனக்குத் தெரியவில்லை.

என்னுடைய முதல் சீசன் டிக்கெட் இந்தத் தலைநகருக்கு எடுத்தது அல்ல. குன்னூரை அடுத்த வெலிங்டனிலிருந்து ஊட்டிக்கு எடுத்தது. எங்களுக்கு அப்போது ஊட்டிதான் தலைநகரம். கலெக்டர் ஆபீஸ் அங்கே, பெரிய ஆஸ்பத்திரி அங்கே, நல்ல செருப்புக்கடையும் அங்கே. வெள்ளைக்காரன் காலத்தில் வெயில் வந்தால் ராஜதானியே மூட்டை கட்டிக்கொண்டு மலையேறிவிடுமாம். அந்தப் பெருமையில் ஊட்டிக்காரர்கள் குன்னூர்க்காரர்களைக் கொஞ்சம் கீழே பார்த்துத்தான் பேசுவார்கள். உயரத்திலும் அவர்கள் மேலேதான் என்பதால் நாங்கள் பேசாமல் கேட்டுக்கொள்வோம்.

நீங்கள் சினிமாவில் பார்த்திருக்கும் மலை ரயில், புகை விட்டுக்கொண்டு வரும் கரி எஞ்சின், அது குன்னூரோடு நின்றுவிடும். அதற்கு மேலே டீசல்தான். சுற்றுலாக்காரர்கள் இதைக் கண்டதும் முகம் சுளிப்பார்கள். எங்களுக்கோ அது வேலைக்குப் போகிற வண்டி. நான் ஊட்டி மார்க்கெட்டில் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டேன். பெட்டியில் ஏறினால் அவரவர் இடம் அவரவருக்கு. புதிதாக யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் யாரும் எழுப்ப மாட்டோம், எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருப்போம். அவரே எழுந்துவிடுவார். அருவங்காட்டில் பாதிப் பேர் இறங்குவார்கள். கேத்தி வந்ததும் மிச்சமிருப்பவர்கள் டிபன் டப்பாவைத் திறப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டை எட்டு மணிக்கே தின்றுவிட்டு மத்தியானம் வர்க்கி பிஸ்கட்டும் டீயுமாக ஓட்டிய கூட்டம் நாங்கள். லவ்டேல் தாண்டினால் தைல மர வாசனை. ஆனால் கிளம்பும்போது மூக்கில் நிற்பது எங்கள் தேயிலை ஃபாக்டரியின் வாசனைதான். வதங்குகிற இலையின் வாசனை. டீத்தூள் வாசனை என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு. இது பச்சையும் இனிப்புமாக இருக்கும், துணியில் ஒட்டிக்கொள்ளும். என் மருந்துக்கடை முதலாளி, "டெட்டால்ல கை கழுவினாலும் உம்மேல எஸ்டேட்தான் வீசுது" என்பார்.

அந்த ஃபாக்டரியில் அப்பா பாய்லர்காரர். விடிவதற்கு முன்பே போய் நெருப்பு மூட்டிவிட்டு, காலையில் சங்கு ஊதுவதும் அவர்தான். சங்கு என்றால் கூரை மேல் இருந்த சைரன். அது ஊதினால் கொழுந்து பறிக்கிறவர்கள் பெரட்டுக்களத்துக்குக் கிளம்புவார்கள். வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் குளிக்கப் போவார்கள். ஊட்டி பாசஞ்சருக்குப் போகிறவர்கள் செருப்பை மாட்டுவார்கள். சங்கு கேட்டுக் கிளம்பினால் மேட்டில் ஏறி ஸ்டேஷனை அடையவும் குன்னூர்ப் பக்கமிருந்து வண்டியின் ஹாரன் கேட்கவும் சரியாக இருக்கும். எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகள் அத்தனைக்கும் அதுதான் மணி. எங்கள் வீட்டில் சர்ச் குலுக்கலில் விழுந்த ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. ஆனால் அதற்குச் சொந்தமாக மணி காட்டும் உரிமை கிடையாது. தினமும் சங்கு ஊதியதும் அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளைச் சங்குக்குத் தக்கபடி திருப்பி வைப்பார். ஊரார் முன்னால் புருஷன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத பெண்மணி, கடிகாரத்தையும் அப்படியே வளர்த்திருந்தார்.

அந்த வருஷங்களில்தான் இலை விலை விழுந்தது. கொஞ்சமாக விழுந்தது என்றால் புலம்பலாம், இது பாறை உருளுவதுபோல் விழுந்தது. சொந்தத்தில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருந்தவர்கள் பறித்த இலையை ரோட்டில் கொட்டினார்கள். குன்னூரில் தேயிலை ஏலம் முடிந்து வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே பெட்டியில் பேச்சு நின்றுவிடும். எங்கள் ஃபாக்டரியும் வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. ஆனாலும் இலை வராத நாளில்கூட அப்பா போய்ச் சங்கை ஊதிவிட்டு வருவார். "எல இல்லாட்டி என்ன, சனங்க இருக்குதல்ல" என்பார். அதனால் எங்களுக்கு ஒரு தைரியம். சங்கு ஊதுகிற வரைக்கும் ஃபாக்டரி இருக்கிறது என்று அர்த்தம்.

என் அக்கா ஸ்டெல்லாவுக்கு ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ வந்தது அந்தச் சமயத்தில்தான். அவள் இங்கிலீஷைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எஸ்டேட் கிளார்க், மானேஜர் துரைக்கு எழுதும் லீவு லெட்டர்களைக்கூட அவளிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். நான் பன்னிரண்டாவதில் இங்கிலீஷில் தேறினேன் என்றால் அது அவள் என் தலையில் குட்டிய குட்டு. அந்த வேலை கிடைத்துவிட்டால் அப்பா பாய்லரை விட்டுவிடலாம், நாங்கள் ஊட்டிக்கே குடி போகலாம் என்று வீட்டில் எல்லாம் முடிவாகியிருந்தது. அம்மா திரைச்சீலைக்குத் துணிகூடப் பார்த்துவைத்திருந்தார். இன்டர்வியூ அன்று இலை விலைக்காக ரோடு மறியல், பஸ் ஓடாது என்று முந்தின நாளே தெரியும். அதனால் என்ன, பாசஞ்சர் இருக்கிறதே.

அன்று காலை மூடுபனி என்றால் அப்படியொரு மூடுபனி. வாசலில் கை நீட்டினால் கை தெரியவில்லை, விடிந்ததும் தெரியவில்லை. அக்கா புடவை கட்டி, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்குப் போகிற பெண்போல உட்கார்ந்திருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நேரமாச்சு, கெளம்பலாம்" என்றேன்.

"சங்கு ஊதுலியே கண்ணு. அது வேகமா ஓடுது" என்றார் அம்மா. ஸ்டூலைப் போட்டு ஏறி முள்ளைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு இறங்கினார்.

அக்கா தன் கைக்கடிகாரத்தைக் காட்டினாள். "இதுலயும் அதே மணிதான் காட்டுதுங்மா. ரெண்டும் ஒண்ணாத் தப்பா ஓடுமா?"

"ஓடட்டும். உங்கப்பா ஊதாம இருப்பாரா? இன்னொரு வாய் டீ குடி சாமி, பனியில தொண்டை கட்டிக்கும்."

சிரிக்காதீர்கள், நாங்கள் மூன்று பேருமே சமாதானமாகிவிட்டோம். இரண்டு கடிகாரங்கள் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். அக்கா இரண்டாவது டீயைக் குடித்தாள். பக்கத்து வீடுகளிலும் யாரும் கதவைத் திறந்த சத்தம் இல்லை. அதுவும் தைரியமாக இருந்தது. பாய்லர்காரர் வீடே கிளம்பவில்லையே என்று அவர்கள் எங்களை நம்பி உட்கார்ந்திருந்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பிறகு மேலே, பனிக்குள்ளிருந்து, ரயில் ஹாரன் கேட்டது.

அம்மா அப்போதும் அசரவில்லை. "இவன் ஏன் இன்னைக்கு இத்தன வெள்ளன வந்துட்டான்?" என்று ரயிலைத்தான் திட்டினார். அக்கா எழுந்து ஓடினாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டில் அவள் ஓடியதும், பின்னால் நான் மூச்சிரைக்க ஓடியதும், எங்களுக்குப் பின்னால் ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்து ஆட்கள் ஓடிவந்ததும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பிளாட்பாரத்தை அடைந்தபோது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு பனியில் கரைந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, உங்க லைன் ஆளுக ஒருத்தரையும் காணமேன்னு பார்த்தேன். லீவு போலிருக்குதுன்னு கொடி காட்டிட்டேனுங்க" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், பாவம்.

அடுத்த வண்டி பத்து மணிக்கு மேல்தான். அப்பாவுக்கு நெஞ்சுவலியோ என்னவோ என்று பயந்தேன். இருவரும் கீழ்ப்பாதை வழியாக ஃபாக்டரிக்கு ஓடினோம்.

கேட் பூட்டியிருந்தது. புதுப் பூட்டு, பெரிய பூட்டு. மேலே ஃபாக்டரி மூடப்பட்டது என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. துரை ராத்திரியோடு ராத்திரியாகப் பங்களாவைக் காலி செய்துகொண்டு போய்விட்டாராம். சங்கு கேட்கவில்லையே என்று பார்க்க வந்த பெண்கள் கேட்டுக்கு வெளியே இலைக்கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலோனிலிருந்து வந்த செல்லையா மாமா, அப்பாவோடு பாய்லரில் வேலை செய்தவர், எங்களைப் பார்த்ததும், "முடிஞ்சுது புள்ள. தொரை போயிட்டாரு. அங்கேயிருந்து வெரட்டினான், கப்பல்ல வந்தோம். இங்கேயிருந்து எங்க போறது?" என்றார். யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல நான் நின்றேன். முந்தின நாள் சாயங்காலம் அதே கேட்டில் துரை கையசைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதர் கையசைத்துவிட்டு எப்படி இதைச் செய்ய முடியும் என்பது எனக்கு இந்த வயதிலும் விளங்கவில்லை.

அப்பா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருட்டில் வந்ததிலிருந்து அப்படியே நிற்கிறாராம். கையில் டிபன் தூக்கு. எங்களைப் பார்த்தார், அக்காவின் புடவையைப் பார்த்தார்.

"நீ போகலியா அம்மிணி? வண்டி போயிருக்குமே?" என்றார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். "நான் இன்னைக்குச் சங்கு ஊதுலியே" என்றார். அப்போதுதான் அவருக்கே அது உறைத்தது. அவர் முகம் போன போக்கை நான் எழுதப்போவதில்லை.

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எனக்கு மத்தியானந்தான் வரச் சொல்லியிருக்காங்கப்பா. அடுத்த வண்டியில போனாப் போதும்" என்றாள்.

என் அக்கா பொய் சொல்லி அதற்கு முன்பு நான் கேட்டதே இல்லை. அப்பா, "அப்பச் சரி, அப்பச் சரி" என்று கம்பியிலிருந்து கையை எடுத்தார். தூக்கைத் திறந்து அதிலிருந்த இட்லியை அவளுக்குக் கொடுத்தார். அவள் அங்கேயே நின்று சாப்பிட்டாள்.

அடுத்த வண்டியில் போனோம். எங்கள் இடங்களில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஊட்டி ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். ஆபீஸில் இருந்த அம்மாள் நல்ல மாதிரிதான். "காலையிலேயே முடிஞ்சிருச்சேம்மா, ஒருத்தர எடுத்தாச்சு. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, டீ சாப்பிட்டுப் போங்க" என்றார். அக்கா, "தேங்க் யூ மேடம்" என்று சொல்லி அந்த டீயையும் குடித்தாள்.

திரும்பி வரும்போது கேத்தி வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று, "இங்கிலீஷ்ல கேள்வி கேட்டாங்க, எனக்குப் பதில் வரலன்னு அப்பாகிட்டச் சொல்லிருவேன். நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். நான் சண்டை போட்டேன். பூட்டினவன் எவனோ, நீ எதற்குப் பழி சுமக்கிறாய் என்று கத்தினேன், பெட்டியே திரும்பிப் பார்த்தது. "அவருக்கு வேல போனது போதும், இது வேறயா" என்றாள் அவள். அவ்வளவுதான் பேச்சு.

அப்பா நம்பிவிட்டார். அதுதான் எனக்கு ஆறவில்லை. அடுத்த மாதமே நாங்கள் திருப்பூருக்கு இறங்கினோம், அவருக்கு ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. முதல் சம்பளத்தில் பிளாட்பாரக் கடையிலிருந்து அக்காவுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்ளும் புத்தகம் வாங்கி வந்தார். அவள் அதைத் தினமும் சாயங்காலம் அவர் எதிரே உட்கார்ந்து, 'வாட் இஸ் யுவர் நேம்' என்று சத்தமாகப் படித்தாள். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா, "எல்லா வேலையும் செய்யுமுங்க, இங்கிலீஷுதான் கொஞ்சம் வராது" என்றார். அப்போது அவள் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டில் மட்டும் பனியனில் பழுது பார்த்துப் பிரிக்கிற செக்கிங் வேலை என்று சொல்லியிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா இறந்தார். குன்னூர்க் கல்லறையில், முன்னமே இறந்து அங்கே அடக்கமான அம்மாவின் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை, அதனால் பர்லியார் வழியாக மலையேற்றிக்கொண்டு போனோம். ஃபாக்டரி இருந்த இடத்தில் இப்போது விருந்தினர் விடுதி. பாய்லர் அறையை இடித்துவிட்டு நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள், அந்தக் குளிரில் யார் நீந்துவார்களோ. சைரனைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்களாம். லைன் வீடுகள் இருந்த சரிவில் புல்தரை. இலை வதங்கும் வாசனை மருந்துக்குக்கூட இல்லை. மேலே பாசஞ்சர் மட்டும் ஓடுகிறது, சுற்றுலாக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே செல்போனை நீட்டிக்கொண்டு போகிறார்கள்.

அடக்கம் முடிந்ததும் செல்லையா மாமா தடியூன்றி வந்தார். அக்காவின் மகளின் தலையைத் தடவி, "ஒங்க தாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் ஒரே கவலைதான். ஒங்கம்மாவுக்கு இங்கிலீசு மட்டும் வந்திருந்தா டீச்சராகியிருக்கும்னு போன்ல சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாரு" என்றார்.

அந்தப் பெண் வாயைப் பிளந்துகொண்டு தன் அம்மாவைப் பார்த்தாள். நான் பேச வாயெடுத்தேன். இனி யாருக்காக மறைக்க வேண்டும்? அப்பா மண்ணுக்குள் போய்விட்டார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஆமாங்க மாமா, எனக்கு இன்னும் வரலீங்க" என்று சொல்லிவிட்டு, அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.