வெங்காயத் தோட்டத்தில் என் வெள்ளிக் கரைசல்

யுத்தம் முடிவதற்கு முந்தின வருடம் நான் விவசாயபீடத்தில் இறுதியாண்டு மாணவன். வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத நனோத் துணிக்கைகளாக்கித் தெளித்தால் பயிரின் பங்கசு என்ற பூஞ்சை நோய் அடங்கும் என்று வாசித்து, ஆய்வுகூடத்தில் அந்தக் கரைசலைச் செய்தேன். கண்ணாடித் தட்டில் பங்கசு வளரவில்லை. அதோடு எனக்குத் தலைகால் தெரியவில்லை.

போத்தலோடு என் ஊரான அனலைதீவுக்குப் போனேன். பக்கத்துத் தோட்டத்து அக்காவின் வெங்காயத் தாள்களில் பங்கசால் வரும் ஊதாப் புள்ளி விழத் தொடங்கியிருந்தது. அடுத்த போகத்துக்கு விதை வெங்காயமும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும். அவர் வழக்கமான மருந்தை வாங்கி வைத்திருந்தார்.

"அதை விடுங்கோ அக்கா. இது புதுசு."

"ஒரு பாத்தியிலை அடிச்சுப் பாப்பமே, தம்பி?"

"முழுக்க அடிப்பம்."

தோட்டக் கிணற்றில் அள்ளி, கரைசலோடு கலந்தேன். "இது சவர்த் தண்ணியெல்லோ? குடிக்கிற தண்ணி ஒரு குடம் கொண்டு வரட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நல்ல தண்ணீர்க் கிணறுவரை அவ்வளவு தூரம் நடக்கவைக்கக்கூடாது என்று இரக்கப்பட்டதாக வெகுகாலம் என்னையே ஏமாற்றினேன். உண்மையில், எனக்கே சொல்லித்தர வருகிறாரே என்ற எரிச்சல். மஞ்சளாயிருந்த கரைசல் சாம்பலாகிக் கலங்கியது. அவரும் பார்த்தார்.

"அது அப்பிடித்தான்," என்று சொல்லித் தோட்டம் முழுக்க அடித்தேன்.

உப்புப் பட்டால் அந்தத் துணிக்கைகள் திரண்டு அடியில் படிந்துவிடும், பிறகு மருந்துக்கு வேலையில்லை. படித்தவன் நான். அதே தண்ணீரில் குளித்து வளர்ந்தவனும் நான்.

இரண்டு கிழமையில் தோட்டம் முழுக்க நோயில் கருகியது. விதைக்கு ஒரு பிடிகூடத் தேறவில்லை.

ஆய்வறிக்கையோடு விவசாயியின் ஒப்புதல் கடிதமும் கொடுக்கவேண்டும். நானே தமிழில் எழுதினேன்: கரைசலை உவர்நீரில் கலந்தது விவசாயியின் தவறு. வாசிக்காமல் கையெழுத்து வைப்பார் என்று நம்பித்தான் நீட்டினேன். அவர் வரிவரியாக வாசித்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்பிடி எழுதினாத்தான் நீர் பாஸ் பண்ணுவீரோ?"

"ஓம் அக்கா."

பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். ஏசியிருந்தால் நான் அழுது ஒப்புக்கொண்டிருப்பேன் என்று இப்போது சொல்லலாம், அதுவும் பொய்யாக இருக்கும். கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். "வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டு, வள்ளம் போய்விடுமென்று ஓடினேன்.