பொம்மை வாத்துகளை எடுக்கப் போனவன்

நீங்கள் பொய் சொல்கிறீர்கள், அண்ணை. என் தங்கையின் கணவன் தன் விருப்பத்துக்குத் தண்ணீருக்குள் இறங்கவில்லை. இறக்கியது நீங்கள்.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் கடை, கையில் துப்பாக்கி, வேட்டைக் கிளப்பில் இடம், எல்லாம் உங்களுக்குத்தான். நானும் மச்சானும் குளிர்காலச் சனிக்கிழமைகளில் உங்கள் சாமான் தூக்க வந்தவர்கள்.

லண்டனைத் தாண்டி, தேம்ஸ் கடலைத் தொடுகிற சேற்று வெளி. பறக்கிற வாத்துகளை ஏமாற்றி இறக்க, விடிவதற்கு முன் பிளாஸ்டிக் வாத்துகளை மிதக்க விட வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் கயிறு, கயிற்றில் ஈயக்கட்டி. வரிசையாக விட்டால் பறவைக்குச் சந்தேகம் வந்துவிடும். அங்கொன்று இங்கொன்றாக விட்டு, நடுவில் இறங்க இடம் வைக்க வேண்டும். மச்சானுக்கு அது சீக்கிரமே கைவந்தது. அவன் விட்ட இடைவெளியில் வாத்து இறங்கும், நீங்கள் சுடுவீர்கள், படத்தைக் கடையில் காட்டுவீர்கள்.

அன்று கடல் பெருகத் தொடங்கியிருந்தது. பொம்மைகள் கிடக்கட்டும், வற்றிய பிறகு எடுப்போம் என்றேன். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. அவனிடம்தான் சொன்னீர்கள்.

"இடுப்பளவு தண்ணிக்கு என்னடா பயம்? நீ களப்பிலை வளர்ந்தவன். போய் எடுத்துக்கொண்டு வா."

யாழ்ப்பாணக் களப்பு ஆழமில்லாத கடலேரி, தண்ணீர் ஏறுவதே தெரியாது. அங்கே வளர்ந்தவன், கடல் முன்னாலிருந்துதான் வரும் என்று நினைப்பான். இங்கே அது சேற்று வாய்க்கால்கள் வழியாக முதுகுக்குப் பின்னால் நிரம்பும். அவனுக்கு அது தெரியாது. கிளப்காரரான உங்களுக்குத் தெரியும். பொம்மைகளைப் பையில் போட்டுத் திரும்பியவன், போகும்போது கால் நனையாமல் தாண்டிய வாய்க்காலில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றான். நான் கயிறு எறிந்து இழுத்தேன். உதடு நீலம். அப்போதும் பையை விடவில்லை. நீங்கள் முதலில் அந்தப் பையைத்தான் வாங்கினீர்கள்.

நியூமோனியா என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீடு திரும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில், மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், அவன் குடித்துவிட்டு இறங்கினான், தடுத்தும் கேட்கவில்லை என்று சொன்னீர்கள். சோறு பரிமாறிக்கொண்டிருந்த என் தங்கை கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் எழுந்து, போகச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன்.

"நீ எங்கை கேட்டனீ? காதை மூடித் தொப்பியெல்லோ போட்டுக்கொண்டு நிண்டனீ."

சிலர் சிரித்தார்கள். சாவீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு சிரித்தார்கள்.

அவன் குடிப்பதில்லை. அது உங்களுக்கும் தெரியும். இப்போது தங்கை கோயிலுக்குப் போவதில்லை, சனம் கதைக்கும் என்று. போன கிழமை தேத்தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணா, மறைக்காமல் சொல்லுங்கோ. அவர் அண்டைக்குக் குடிச்சிருந்தவரோ?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. கூடப்பிறந்தவன் அப்படித்தான் சொல்வான் என்று நினைக்கிறாள். செத்தவனையே அவள் சந்தேகப்பட வைத்துவிட்டீர்கள்.

அதே மண்டபத்துக்கு வாருங்கள். அதே சனத்தைக் கூப்பிடுகிறேன். என் தங்கை முன்வரிசையில் இருப்பாள். மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: அவனை அந்தத் தண்ணீருக்குள் போகச் சொன்னது யார்?